தூதர் கேட்ட மறுசோறு

நலம் சூழ்க. மழைமேகம் முதலில் இளைப்பாறும் வேழமலை நாட்டையும் அதன் ஆறுகளையும் காத்தருளும் கோ நன்னெடுங்கோ மாராயர் திருவாய் மலர்ந்தருளியபடி, அவர்தம் அமைச்சர் வெண்காடன் கூத்தன், முதுகரைத் துறை ஊரவைப் பெரியோர்க்கும் உழவர்க்கும் வலைஞர்க்கும் விடுக்கும் ஓலை. உங்கள் ஏரி நிறைக என்று வாழ்த்தித் தொடங்குவதே வழக்கம். நிறைந்தாலும் அது இனி உங்களுக்கில்லை என்று சொல்ல வந்த ஓலை இது. ஆகையால் வாழ்த்தை இவ்வளவில் நிறுத்துகிறோம்.

சென்ற தைத் திங்களில் பொன்னூழி நாட்டுப் படை உங்கள் ஊர் புகுந்து, நெல்லையும் மீனையும் பெண்டிர் சிலரையும் கொண்டுபோய், ஊரும் தமதே என்று சாற்றியதை நீங்கள் அறிவீர். ஊரைக் காக்கப் படை அனுப்பும் வலிமை, ஈராண்டு வறட்சியில் அரைவயிறு உண்டு கிடக்கும் எமக்கில்லை. எனவே தூது அனுப்பினோம். உங்கள் வலைஞர் குடியில் பிறந்த சேந்தன் அழிசியாரே தூதர். ஊர் வழக்கை ஊர்ப்பிள்ளை பேசினால் உருக்கமாயிருக்கும் என்று தேர்ந்தவன் யான். என் அறிவை என்னென்பது!

பொன்னூழித் தலைநகரில் மண்விருந்து மண்டபம் என்றொன்று உண்டு. அந்நாட்டு எல்லைக்குள் விளைந்ததன்றி வேறெதுவும் அங்கே அடுப்பேறாது. அயல்நாட்டு மிளகு ஒன்று விழுந்தாலும் பானையோடு கவிழ்த்துவிடுவர். நாற்றிசை அரசரும் காத்திருந்து உண்ணும் பெருமை அதற்கு. புகழ்வோர் சொல்லாததும் ஒன்றுண்டு. அம்மண்டபத்துக்குப் பொருள் தரும் ஊரார், அப்பொருளைத் தம் வீட்டில் சமைக்கலாகாது.

அங்கே விருந்தினர் எதையேனும் மறுமுறை கேட்டு வாங்கினால், அது விளைந்த ஊரை அவை நடுவே கூவுவர். அவ்வூர் விருந்திட்டவர்க்கே உரியது என்று கேட்டவர் ஒப்பியதாகும். இவ்வழக்கம் இரு நாட்டுக்கும் பொது. முப்பது ஆண்டுகளுக்கு முன் அவர்தம் தூதர் நம் பந்தியில் மறுபடி உப்புக் கேட்டதைக் காட்டியே கடற்கரை உப்பளத்தை நாம் எடுத்துக்கொண்டோம். அன்று சிரித்த வாயால் இன்று நியாயம் பேச முடியவில்லை.

வைப்பதை உண்க, எதையும் கேளற்க என்று அழிசியாரிடம் மும்முறை சொல்லி அனுப்பினோம். அவரும் காத்தார். பனங்குருத்து வந்தது, தினையும் தேனும் வந்தன, காட்டுக்கோழி வந்தது; ஒன்பது பண்டங்களையும் ஒருமுறை உண்டு கையை மடக்கிக்கொண்டார். பத்தாவதாகச் செங்கார் அரிசிச் சோறும், புளிக்குப் பதில் களாக்காய் நசுக்கிப்போட்ட அயிரைக் குழம்பும் வந்தன. அப்படிச் சமைக்கும் ஊர் உலகில் ஒன்றுதான் என்பதை உங்களுக்கு யாம் சொல்ல வேண்டியதில்லை. முதல் வாயிலேயே தமக்குத் தெரிந்துவிட்டது என்று அவர் எம்மிடம் மறையாமல் சொன்னார்.

வாயைக் கட்டியவர், அப்போதும் கட்டியே இருந்தார். ஆனால் பரிமாறியவள் உங்கள் ஊரிலிருந்து கவர்ந்து செல்லப்பட்டவள். பேச்சை அப்படியே எழுதுவது ஓலை மரபன்று. ஓர் ஊரை இழக்கச் செய்த சொற்களாதலின் எழுதுகிறோம். அவள் குனிந்து, “இன்னுங் கொஞ்சம் விடட்டுமாண்ணே?” என்றாள். இவர், “விடு தாயி, ரெண்டு கரண்டி விடு” என்றார்.

“முதுகரைத் துறை” என்று கூவல் எழுந்தது. அவை முழுதும் எழுந்து நின்றது. வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்தது. அவர் மீண்டு வந்தபின், இலையில் கிடந்த இரண்டு கரண்டிக் குழம்புச் சோற்றை என்ன செய்தீர் என்று நம் வேந்தர் வினவியபோது, உண்டேன், பசித்தது என்றார். அதன்பின் வேந்தர் ஓலை கொணரச் சொன்னார்.

ஆகவே ஆணையாவது: வரும் முழுமதி நாளில் ஏரி மதகையும் நெற்களஞ்சியத்தையும் பொன்னூழியாரிடம் விடுக. எதிர்த்து நின்று மாளற்க. துணைக்கு வர எம்மிடம் ஆளில்லை. உங்கள் நெல்லும் அயிரையும் இனி மண்டபத்துக்கு. உங்கள் அடுப்புக்கு எது எஞ்சும் என்று எமக்குத் தெரியவில்லை. தெரிந்ததுபோல் எழுத நாணுகிறோம்.

அழிசியார் மன்னிப்புக் கேட்கவில்லை. தம் தலையைக் கொய்யுமாறு கேட்டார். வேந்தர் இசையவில்லை. அங்ஙனமாயின் இவ்வோலையை யானே கொண்டுபோய்ப் படிப்பேன் என்றார். இப்போது உங்கள் முன் நின்று படிப்பவர் அவரே.

வேழ முத்திரை இட்டு, வேந்தர் திருமுன் எழுதி முடித்தது. இவ்வோலையின் கடைச்சொல் வரை நீங்கள் எம் குடிகள். ஆதலின் படித்து முடியும்வரை எவரும் அவர்மேல் கை வைக்கலாகாது. அதற்கு மேல் உங்களுக்கு ஆணையிட எமக்கு உரிமை இல்லை.