கால் உறவு, அரைக்கால் உறவு

கோவில்பட்டி
18-8-1979

அன்புள்ள சண்முகராஜ் மாமாவுக்கு, பேபி எழுதுவது.

நீங்கள் கேட்ட ஓணான்கள் இரண்டையும் மருந்துப் புட்டியில் போட்டு அனுப்பிவிட்டேன். ஒன்று நம் கரிசல் காட்டில் பிடித்தது, மற்றது கயத்தாறு செம்மண் செவலில். மூன்றாவதைக் கணக்கு டீச்சர் குடைக்குள் விட்டேன். ஓணான் தப்பிவிட்டது, நான் தப்பவில்லை.

விதைக்கிற புரட்டாசிப் பட்டம் வருஷம் தவறாமல் வருகிறது. உங்கள் டாக்டர் பட்டம்தான் வரக் காணோம். அது வந்தால்தான் கல்யாணம் என்று வேலுத்தாய் அக்காவைக் காக்க வைத்திருக்கிறீர்கள். தன் தம்பிக்குத்தான் மூத்தவள் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லியாயிற்று. உங்கள் கடிதம் வருகிற அன்று அக்கா சோற்றைக் குழைத்துவிடுகிறாள். எங்கள் வயிற்றை நினைத்தாவது சீக்கிரம் வாருங்கள்.

உங்கள் வருங்காலக் கொழுந்தியாள்,
பேபி

சென்னை
10-10-1979

அன்புள்ள பேபிக்கு,

ஓணான்கள் வந்து சேர்ந்தன. பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் செதிலும் மண்டையோடும் வேறு. ஒரே வெயிலில் வாழ்ந்ததால் வந்த சாயல்தான், நெருங்கிய உறவில்லை. சாயலை நம்பாமல் எது எதற்கு உறவு என்று பிரிப்பதுதான் என் ஆராய்ச்சி.

அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டு. இங்கே கூண்டில் உடன்பிறந்த ஓணான்களை இணைய விட்டோம். குஞ்சுகள் ஊனமாகப் பொரிந்தன. நெருங்கிய ரத்தத்தில் கல்யாணம் கூடாது. தெரிந்தே உன் அக்காவைக் கட்டுவது பாவம். அவளுக்கு நல்ல இடமாகப் பாருங்கள்.

அன்புடன்,
மாமா

கோவில்பட்டி
3-2-1980

மாமாவுக்கு,

முறைமாமன் ஏன் விட்டான் என்று கேட்டவர்களிடம் அம்மா உங்கள் கௌரவத்தைக் காப்பாற்றினாள். "தம்பி டாக்டருக்குப் படிக்கான். ரத்தம் சரிப்படாதுன்னு எழுதியிருக்கான்" என்றாள். நீங்கள் ஓணானுக்கு டாக்டர் என்பது ஊருக்கு எப்படித் தெரியும்? பேச்சு நாகலாபுரம் போய்ச் சேர்வதற்குள் அக்காவின் ரத்தமே கெட்டது என்று ஆகிவிட்டது. அங்கிருந்து பரிசம் போட வர இருந்த மாயகிருஷ்ணன் வீட்டார் பின்வாங்கிவிட்டார்கள்.

மறுநாள் உங்கள் கல்யாணப் பத்திரிகை வந்தது. மணமகள் உங்கள் சொந்த அத்தை மகள், மதுரை மில் முதலாளி மகள். அந்த ரத்தம் எந்தக் கடையில் வாங்கியது?

ஒன்றே ஒன்று கேட்கிறேன். வேலுத்தாய்க்கு ஒரு குறையும் இல்லை, நான் கட்டாததற்குக் காரணம் வேறு என்று மாயகிருஷ்ணனின் அப்பாவுக்கு நாலு வரி எழுதுங்கள். நீங்கள் எழுதினால் நம்புவார்கள்.

பேபி

சென்னை
12-2-1980

பேபிக்கு,

உன் எழுத்தில் மரியாதை குறைகிறது. மாமனுக்கும் அக்காள் மகளுக்கும் பொதுவான ரத்தம் கால் பங்கு. அத்தை மகளென்றால் அதில் பாதி, அரைக்கால்தான். அறிவியலில் இது பெரிய வித்தியாசம்.

காரணம் வேறு என்று நான் எழுதிக் கொடுத்தால் அது மதுரைக்கும் போகும். அத்தை வீட்டில் என்ன நினைப்பார்கள்? நாளானால் ஊர் மறந்துவிடும். கல்யாணத்துக்கு எல்லோரும் வந்துவிடுங்கள். செவல் ஓணான் இன்னும் இரண்டு தேவைப்படுகிறது.

மாமா

கோவில்பட்டி
20-4-1980

திரு. சண்முகராஜ் அவர்களுக்கு,

அரைக்கால் கல்யாணம் அமர்க்களமாக நடந்ததாக அம்மா வந்து சொன்னாள்.

நேற்றுக் குளத்தூரிலிருந்து அக்காவைக் கேட்டு வந்தார்கள். ஊர்ப்பேச்சைக் கேட்டும் பரவாயில்லை என்றவர்கள். அக்காதான் வேண்டாம் என்றுவிட்டாள். மில்லுக்காக மாமா சொன்ன பொய் அது என்று அவளிடம் தலைதலையாய் அடித்துக்கொண்டேன். முறத்தில் புடைத்துக்கொண்டிருந்த கம்பிலிருந்து அவள் நிமிரவில்லை.

"ஏட்டி, அவிய படிச்சவிய. என் ரத்தம் சரியில்லன்னு பொய் எழுதுவாகளா? என் வயித்துல ஊனமாப் பொறந்தா அந்தப் புள்ளைக்கு யாரு பதில் சொல்லுதது?"

உங்களை நம்புவதற்கு இந்த வீட்டில் மிச்சம் இருப்பது அவள் ஒருத்திதான்.

பேபி