நாளைக்கு மழை லீவு

இதை யாருக்கும் காட்டிவிடாதே, கெஞ்சிக் கேட்கிறேன். உன் அம்மாவுக்கு வேண்டாம், உன் தங்கச்சி குட்டிக்கு வேண்டாம், நம் வகுப்பு டீச்சருக்கும் வேண்டாம். யாருக்கும் எதையும் காட்ட முடியாத இடத்தில் நீ இருக்கிறாய் என்று தெரியும். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். இருந்தாலும் ஒரு தடவை சத்தியம் வாங்கிக்கொண்டால்தான் என்னால் மேலே எழுத முடியும் போலிருக்கிறது.

மழை வாசனை வந்துவிட்டது. மற்ற வீடுகளில் அது மண்ணின் வாசனையாக இருக்கும். எங்கள் வீட்டில் வேறு. வாசலில் அப்பாவின் லாரி தொட்டி நிறையச் சுமையோடு நிற்கிறது. மூடியை இறுக்கித்தான் வைத்திருக்கிறார். ஆனாலும் கடல் பக்கமிருந்து காற்று அடிக்கும்போதெல்லாம் ஜன்னல் வழியாக அந்த நாற்றமும் சேர்ந்து உள்ளே வருகிறது. நான் சமையலறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, சிலிண்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, செல்போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். அப்பா முன் அறையில் படுத்திருக்கிறார். தூங்கவில்லை. மழை வலுக்கட்டும் என்று காத்திருக்கிறார்.

நாளைக்கு மழை லீவு விட்டுவிட்டார்கள். சாயங்காலம் செய்தி வந்ததும் எங்கள் தெருவில் பிள்ளைகள் கத்தின கத்தலை நீ கேட்டிருக்க வேண்டும். நான் மட்டும் வாசலுக்குப் போகவில்லை.

எட்டாம் வகுப்பில், வருஷத்தின் நடுவில் நீ வந்து சேர்ந்தாய். நகரத்து ஆற்றங்கரையிலிருந்து உங்களையெல்லாம் வண்டியில் ஏற்றி, எங்கள் ஊர் ஏரிக்கு முன்னால் கட்டின பிளாக்குகளில் இறக்கிவிட்டிருந்தார்கள். முதல் நாள் மதிய சாப்பாட்டில், ஏன் இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று கேட்டேன். "ஆறு நாறுதாம்டி. நாங்கதான் நாறடிக்கிறோமாம். எங்கள தூக்கிட்டா ஆறு மணக்கும்னு சொன்னாங்க" என்று சொல்லிவிட்டு, என் டப்பாவிலிருந்து அப்பளத்தை எடுத்துக்கொண்டாய். உன் அம்மா விடியும் முன்பே கிளம்பி நகரத்துக்கு வீட்டு வேலைக்குப் போய், விளக்கு வைத்த பிறகு திரும்பி வருவார். "வேல அங்க, வூடு இங்க. எங்கம்மா பஸ்லதான் குடித்தனம் பண்ணுது" என்பாய். நீ சிரிக்காமல் சொல்லுவாய். நாங்கள்தான் சிரிப்போம்.

என் அப்பா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டாய். தொட்டி லாரி ஓட்டுகிறார் என்றேன். தண்ணீர் லாரி என்று நீயாக நினைத்துக்கொண்டாய். "அப்ப உங்க வூட்ல தண்ணி கஷ்டமே கெடையாது" என்றாய். நான் திருத்தவில்லை. வகுப்பில் ஒருத்தி என் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று மூக்கைப் பொத்தின நாளிலிருந்து நான் யாரிடமும் திருத்துவதில்லை.

இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். முட்டுக்காட்டிலிருந்து மாமல்லபுரம் வரை எத்தனை ஓட்டல், எத்தனை புது அடுக்குமாடி என்று பஸ்ஸில் போகும்போது நீயே பார்த்திருப்பாய். அங்கெல்லாம் பூமிக்கு அடியில் இருக்கும் கழிவுத் தொட்டி நிரம்பினால் அப்பாவுக்குப் போன் வரும். குழாயைப் போட்டு உறிஞ்சி எடுத்துக்கொண்டு போய், சுத்தம் செய்கிற ஸ்டேஷனில் விட வேண்டும். ஸ்டேஷன் தூரம். அங்கே லாரிகள் வரிசையில் நிற்கும். சில நாள் நிரம்பிவிட்டது என்று கேட்டை மூடிவிடுவார்கள். ஆனால் போன் மட்டும் நிற்காது. மழைக்காலத்தில்தான் அந்தத் தொட்டிகள் பொங்கி வாசலுக்கு வரும், மழைக்காலத்தில்தான் ஸ்டேஷனுக்குப் போகும் ரோடு முழுகும். அந்த நாட்களில் லாரிக்காரர்கள் மழை வலுக்கும்வரை காத்திருந்து, ஏதாவது ஒரு ஏரியிலோ கால்வாயிலோ திறந்துவிட்டு வருவார்கள். மழை எல்லாவற்றையும் கரைத்து இழுத்துக்கொண்டு போய்விடும். யாருக்கும் தெரியாது.

உனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு நாள் மழை தூறலாகக் குறைந்த காலையில், பள்ளிக்குப் போகும் வழியில், ஏரிக்கரை அடிபம்பில் நீ குடம் பிடித்துக்கொண்டிருந்தாய். நான் குடை பிடித்து நின்றேன். தண்ணீரைக் கையில் ஏந்தி முகர்ந்து பார்த்தாய். "இன்னாடி இது, எங்க ஆறு எங்கள தேடிக்கினு இங்கயே வந்துடுச்சு" என்றாய். நான் சிரிக்க ஆரம்பித்து நிறுத்திவிட்டேன். அந்த வாசனை எனக்கும் தெரியும். எங்கள் வீட்டு வாசலில் ஒரு வாளியும் எலுமிச்சை சோப்பும் எப்போதும் இருக்கும். அங்கே குளித்து முடித்த பிறகுதான் அப்பா உள்ளே வருவார். குளிப்பதற்கு முன் அவர் கழற்றிப் போடும் சட்டையில் இருப்பது அதுதான்.

மறுநாளிலிருந்து இரண்டு பாட்டில் கொண்டுவந்தேன். எங்கள் வீட்டில் குடிக்க கேன் தண்ணீர்தான். பம்புத் தண்ணீரை வாயில் வைக்கக் கூடாது என்று அப்பா சின்ன வயதிலேயே சொல்லிவைத்திருந்தார். ஏன் என்று அதுவரை நான் யோசித்ததில்லை. அம்மா தவறுதலாக இன்னொரு பாட்டில் வைத்துவிட்டாள் என்று உன்னிடம் சொன்னேன். "தெனமும் தவறுதா? உங்கம்மாவுக்கு ஒண்ணு ரெண்டு எண்ணத் தெரியாதா?" என்று கேலி செய்தாய். ருசியே இல்லாத பணக்காரத் தண்ணீர் என்றாய். ஆனாலும் பாதியைக் குடித்துவிட்டு, பாதியை மூடி பத்திரமாகப் பையில் வைத்துக்கொள்வாய். கேட்டால், குட்டிக்கு என்பாய்.

போன வருஷம் இதே மழையில் நாள்கணக்கில் லீவு விட்டார்கள். நான் போர்வைக்குள் சந்தோஷமாகச் சுருண்டு கிடந்தேன். லீவு என்றால் பள்ளி இல்லை, பள்ளி இல்லையென்றால் உனக்குப் பாட்டில் இல்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை. அந்த இரவுகளில் லாரி போய்ப் போய் வந்தது. பள்ளி திறந்தபோது உன் இடம் காலியாக இருந்தது. காய்ச்சல் என்றார்கள். பிறகு மஞ்சள் காமாலை என்றார்கள். பிளாக்கில் யாரோ கீழாநெல்லி அரைத்துக் கொடுத்ததாகச் சொன்னார்கள்.

நான் பார்க்க வந்தபோது பாயில் படுத்திருந்தாய். கண் எப்படி இருக்கிறது என்று கேட்டாய். கொஞ்சம் மஞ்சள் என்றேன். "ஸ்டைலா கீதுல்ல?" என்றாய். தலையாட்டினேன். அன்றைக்கும் பாட்டில் கொண்டுவந்திருந்தேன். இரண்டு மடக்குக்கு மேல் உன்னால் குடிக்க முடியவில்லை. "என் பாட்டில இனிமே குட்டிக்கு குட்துடு. மறந்துடாத" என்றாய். மறுநாள் உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நீ திரும்பி வரவில்லை.

செய்தியை அம்மாதான் அப்பாவிடம் சொன்னாள். சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது. எந்த பிளாக் என்று மட்டும் கேட்டார். அம்மா சொன்னதும் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோய், வாசலில் அந்த வாளிக்குப் பக்கத்தில் வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு அந்த ஏரிப் பக்கம் போவதில்லை என்று அம்மாவிடம் சொல்லியிருந்தார். போகவும் இல்லை. இன்று வரைக்கும்.

குட்டி மூன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். தினமும் அவள் வகுப்பு வாசலில் பாட்டிலைக் கொடுத்துவிட்டுத்தான் என் வகுப்புக்குப் போகிறேன். உன்னை மாதிரியே கேலி செய்கிறாள். "தண்ணிக்கார அக்கா வந்துட்டாங்க" என்று மற்ற பிள்ளைகளிடம் கத்துகிறாள். உன் அம்மா முடிந்தபோது கேன் வாங்குகிறார். முடியாதபோது பம்புதான். இன்று வானம் கறுத்திருந்ததால், லீவு விட்டாலும் விடுவார்கள் என்று குடிக்காமல் வைத்திருந்த என் பாட்டிலையும் கடைசி மணி அடித்ததும் ஓடிப்போய் அவளிடமே கொடுத்துவிட்டேன். அது ஒரு நாளைக்கு வரும். லீவை நீட்டினால்?

இனிமேல் எழுதப்போவதுதான் நீ காட்டக் கூடாதது. சாயங்காலம் அப்பா போனில் பேசிவிட்டு வந்து, "பின்னாடியே வுட்டுட்டு வந்துடறேன்" என்று அம்மாவிடம் சொன்னார். பின்னாடி என்றால் உங்கள் பிளாக்குக்குப் பின்னால், ஏரியில். "அந்தப் பக்கம் வேணாம்னு நீதான சொன்ன?" என்று அம்மா கேட்டாள். அப்பா கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

"நான் இன்னா பண்ணட்டும் சொல்லு. ஸ்டேஷன் கேட்டை சாத்திட்டான். ரோட்ல முட்டியளவு தண்ணி. ஓனரு போன் மேல போன் பண்றாரு. அம்மாம் பேரு கக்கூஸ் போறான், அது எங்க போவுதுன்னு எவனாவது ஒருத்தன் கேட்டிருப்பானா? நான் இத்த எங்க கொண்டு போயி கொட்றது, நம்ம வூட்லயா?"

அம்மா அடுப்பு பக்கம் திரும்பிவிட்டாள். அவர் கேட்டது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. அதுதான் எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது. அப்பா கெட்டவர் என்றால் எனக்கு சுலபமாக இருந்திருக்கும்.

உன் பிளாக்கில் அண்ணன்மார்கள் மழை நாளில் ஏரிக்கரையில் காவல் நிற்கிறார்கள். நீ போன பிறகுதான் அப்படி. லாரி வந்தால் கொளுத்துவோம் என்று குட்டியே என்னிடம் பெருமையாகச் சொன்னாள். பக்கத்து ஊரில் ஒரு டிரைவரைக் கட்டிவைத்து அடித்திருக்கிறார்கள். நான் அவர்களிடம் போய்ச் சொன்னால் அப்பாவை அடிப்பார்கள். சொல்லாமல் இருந்து, அவர்கள் கண்ணில் படாமல் அப்பா திறந்துவிட்டு வந்துவிட்டால், குட்டி நாளை மறுநாள் பம்புக்குப் போவாள். இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துப் பார்த்தேன். உன் மஞ்சள் கண்ணும் அப்பாவின் நின்றுபோன கையும் மாறி மாறி வந்தன.

அதனால் லாரி சாவியை ஆணியிலிருந்து எடுத்துவிட்டேன்.

என் இடது கையில் இருக்கிறது. இறுக்கிப் பிடித்துப் பிடித்து உள்ளங்கையில் அதன் பல் பதிந்துவிட்டது. விடிந்துவிட்டால் கரையில் ஆள் நடமாட்டம் வந்துவிடும், அப்பா அந்தப் பக்கம் போக மாட்டார். தண்ணீர் வடிந்ததும் ஸ்டேஷனுக்கே போய்விடுவார். அதுவரை நாற்றம் எங்கள் வாசலிலேயே நிற்கட்டும். எங்கள் வீட்டில்தான் நிற்கட்டும். இந்த மழைக்கு மட்டும்தான் இது, அடுத்த மழைக்கு என்ன செய்வேன் என்று கேட்காதே. எனக்குத் தெரியாது.

மழை வலுத்துவிட்டது. தகரத்தில் விழும் சத்தத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை. இல்லை, கேட்கிறது. அப்பா எழுந்துவிட்டார். சுவரில் ஆணியைத் தடவுகிறார். அம்மாவை எழுப்பிக் கேட்கிறார்.

அடிப்பாரா என்று தெரியவில்லை. இதுவரை அடித்ததில்லை. என்ன கேட்டாலும் உன் பெயரை மட்டும் சொல்லப்போகிறேன். அவருக்கு உன் பெயர் தெரியும்.

கதவைத் தட்டுகிறார். "பாப்பா, உள்ளயா கீற? தொறம்மா."

இந்தக் காகிதத்தை அரிசி டப்பாவுக்கு அடியில் வைக்கப்போகிறேன். எழுந்துபோய்த் திறக்கத்தான் போகிறேன். சாவி இருக்கும் கையை மூடிக்கொண்டுதான் திறப்பேன்.