இரண்டு ஓரமும் நேராக

மார்ச் 3

இன்று முன்பக்கக் கம்ப்யூட்டரில் குதிரைவால் உட்கார்ந்திருந்தாள். என் நாற்காலியில்.

எங்கள் டைப்பிங், ஜெராக்ஸ் கடைக்குப் புதிதாக வந்திருக்கும் பெண்ணுக்கு நான் வைத்த பெயர் அது. தலையை ஆட்டி ஆட்டிப் பேசுவாள். முடியும் கூடவே பேசும். காலையில் கல்லூரி, மத்தியானத்துக்கு மேல் எங்கள் கடை. நான் ஒன்பதாவதோடு நின்றவள். அம்மாவுக்கு முதுகுவலி வந்து படுத்தபோது யாராவது சம்பாதிக்க வேண்டியிருந்தது, வந்துவிட்டேன். அதில் வருத்தமில்லை என்று யார் கேட்டாலும் சொல்வேன். யாரும் கேட்பதில்லை.

கடை முதலாளி அக்கா பக்குவமாகத்தான் சொன்னார். "நீ டைப் அடிக்கிறதுல ஒரு குறையும் இல்ல கண்ணு. ஆனா யாராவது உள்ள வந்தா மேஜைக்கு அடியில எதையோ தேட ஆரம்பிச்சிடுற. அவ முகம் பாத்துப் பேசுவா. நீ பின்னாடி ஜெராக்ஸ் மெஷின் பக்கத்துல நிம்மதியா உக்காந்து அடி."

நிம்மதியாம். மெஷின் விடுகிற சூடு முழுவதும் என் முழங்கையில்தான் விழுகிறது.

மார்ச் 4

தபால்காரர் அவளைப் பார்த்துச் சிரிக்கிறார். என்னிடம் இத்தனை நாளும் தபாலைத்தான் நீட்டினார்.

மார்ச் 7

ட்ரில் மாஸ்டரின் புத்தகத்தை அடித்து முடித்தேன். ஓய்வு பெற்ற பிறகு பள்ளிப் பிள்ளைகளுக்காக உடற்பயிற்சிகள் எழுதியிருக்கிறார். ஒவ்வொரு பயிற்சியின் முடிவிலும் பிள்ளைகள் கத்திக்கொண்டே செய்ய ஒரு சின்னப் பாட்டு. அடிக்கும்போது நானும் முணுமுணுப்பேன். மெஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்காது.

அச்செடுத்துக் காட்டினோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "எழுத்தெல்லாம் சரிம்மா. ஆனா வலது ஓரத்தைப் பாரு. ஒண்ணு முன்னால, ஒண்ணு பின்னால, லேட்டா வந்த பசங்க மாதிரி நிக்குது. ரெண்டு ஓரமும் நேரா நிக்கணும்."

இரண்டு ஓரத்தையும் சமமாக்கும் பட்டனைத் தட்டினேன். அவ்வளவுதான். சில வரிகளில் சொற்கள் பால்பல் விழுந்த வாய் மாதிரி விலகி நின்றன. நடுவில் விரலையே நுழைக்கலாம். ஒரு இடத்தில் ஸ்பேஸ் தட்டினேன், ஒரு இடத்தில் அழித்தேன். ஒரு வரியைச் சரிசெய்தால் அடுத்தது கோணிக்கொள்கிறது. வரிகளுக்கு நடுவிலும் இடைவெளி ஒரே மாதிரி இல்லை. பாதிப் புத்தகத்தை முன்பக்கக் கம்ப்யூட்டரில் அடித்தேன், மீதியைப் பின்பக்கத்தில். இரண்டுக்கும் இரண்டு கணக்கு போலிருக்கிறது.

"என்ன, வரிசை குலைஞ்சு போச்சா? நான் பாக்கட்டுமா?"

குதிரைவால் என்னைக் கேட்ட மாதிரி இருந்தது. கேட்டது அக்காவின் காதுக்கு.

மார்ச் 8

அவள் ஒரு பட்டனைத் தட்டினாள். மறைந்திருப்பதையெல்லாம் காட்டும் பட்டனாம். ஒவ்வொரு இடைவெளிக்கும் ஒரு புள்ளி. ஒவ்வொரு வரி முடிவிலும் ஒரு மடங்கிய அம்பு. திரை முழுக்க அம்பு. எல்லார் முன்னாலும் என் உள்பாவாடையைக் கொடியில் காயப்போட்ட மாதிரி இருந்தது.

"எல்லா வரியிலயும் ஷிஃப்டோட என்டர் தட்டியிருக்க?"

"வெறும் என்டர் தட்டினா நடுவுல பெரிய இடைவெளி விழும்..." என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"எதுவுமே தட்டாதப்பா. ஓரம் வந்தா அதுவா அடுத்த வரிக்குப் போயிடும். பாரா முடிஞ்சா மட்டும் ஒரு என்டர். நீ ஒவ்வொரு வரியையும் வெட்டி விட்டிருக்க. குட்டையா இருக்கிற வரி எட்டி ஓரத்தைத் தொடணும்னா இழுபடாம என்ன செய்யும்?"

ஏளனமாகச் சொல்லியிருந்தால் தேவலாம். திட்டிக்கொண்டே தூங்கியிருப்பேன். அன்பாகச் சொன்னாள். அதுதான் எரிகிறது.

பிறகு திரையில் தேடி மாற்றும் பெட்டி ஒன்றைத் திறந்து, அம்பு இருக்கிற இடத்திலெல்லாம் ஒரு ஸ்பேஸ் வை என்று கம்ப்யூட்டருக்குச் சொன்னாள். இரண்டு ஸ்பேஸ் சேர்ந்திருந்தால் ஒன்றாக்கு என்றாள். மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து வரி இடைவெளியை ஒன்றுபோல ஆக்கினாள். வாங்கி வைத்த டீ ஆறுவதற்குள் புத்தகம் முழுக்க விறைப்பாக நின்றது.

"கையில மந்திரம் வெச்சிருக்காடி இவ!" என்றார் அக்கா. என் கையைப் பற்றி ஒருநாளாவது இப்படி?

அம்மாவிடம் சொன்னேன். "அதையே நீயும் கத்துக்கோயேன்," என்றாள்.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம்."

"அப்ப எரிஞ்சுகிட்டே இரு. கேஸ் மிச்சம்."

மார்ச் 10

அச்சுக்குப் போகும் முன் தாள்களைக் குதிரைவால் என்னிடம் கொண்டுவந்தாள். "நீ அடிச்சது, உனக்குத்தான் தெரியும். ஒருவாட்டி பாத்துடேன்."

முதல் பயிற்சியிலேயே பார்த்துவிட்டேன். பாட்டு. பாட்டில் வரி உடைய வேண்டும் என்பதற்காக அங்கேயும் அதே அம்பைத்தான் வைத்திருந்தேன். அவள் பெட்டி எல்லாவற்றையும் சேர்த்து விழுங்கியிருக்கிறது.

கையைத் தூக்கு வானம் தொடு காலை ஊன்று மண்ணைத் தொடு மூச்சை இழு நெஞ்சு நிறை மூச்சை விடு மெல்லக் குறை.

எல்லாப் பாட்டும் இப்படியே. கட்டுரை மாதிரி.

பென்சில் கையில்தான் இருந்தது. பக்கங்களைப் புரட்டினேன். எங்கும் குறி போடவில்லை.

"பாத்தாச்சா?"

தலையாட்டினேன்.

சொல்லாமல் விட்டது கூச்சத்தால் இல்லை. இன்று கூச்சம் இல்லை, எனக்குத் தெரியும்.

மார்ச் 11

புத்தகம் அச்சாகிறது. தாள்களை அடுக்கியது நான்தான். இப்போதும் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வரல— பொய். வந்துச்சு. முழுங்கிட்டேன்.

மார்ச் 12

ட்ரில் மாஸ்டர் வந்தார். அட்டையைத் தடவிப் பார்த்தார். நின்றபடியே கையைத் தூக்கிக்கொண்டு முதல் பாட்டைச் சத்தமாகப் படித்தார். நிறுத்த இடமில்லாமல் கடைசிவரை ஓடினார். மூச்சு வாங்கியது. தூக்கிய கை தூக்கியபடியே நின்றது.

"எங்கேம்மா நான் மூச்சு விடறது?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். மற்ற பக்கங்களையும் புரட்டிவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். "பசங்க வரி வரியாத்தான் கத்துவாங்க. ஒரு வரிக்குக் கை மேல, ஒரு வரிக்குக் கை கீழ. இத வெச்சு எப்படிம்மா சொல்லித் தருவாங்க?" கோபமே இல்லாத குரல். கோபப்பட்டிருக்கலாம்.

அவர் போனதும் அக்கா கேட்டார். "அச்சுக்கு முன்னாடி இதைப் பாத்தது யாரு?"

கண் என் மேல் இருந்தது.

"நான் யார்கிட்டயும் குடுக்கலக்கா. அவசரத்துல நானே அனுப்பிட்டேன்." குதிரைவால்.

எனக்காகப் பொய். பேசறதுல முந்தினா. வேலையில முந்தினா. இப்ப நல்லவளா இருக்கறதுலயும் முந்திட்டா. என்ன ஜென்மம்டி நீ?

மார்ச் 13

நாற்காலி திரும்பக் கிடைத்துவிட்டது. "நீயே உக்காந்து திருத்து" என்றார் அக்கா. நாள் முழுக்கப் பாட்டுகளை மட்டும் தேடித் தேடி உடைத்தேன். இப்போது அவள் பின்னால், மெஷின் சூட்டில்.

தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் கேட்டேன். "ஏன் பொய் சொன்ன?"

"நீ பாத்தும் சொல்லலன்னு தெரிஞ்சா உன்னை நிறுத்திடுவாங்கப்பா. என்னை நிறுத்தினா என்ன? எனக்குக் காலேஜ் இருக்கு."

அவளுக்குத் தெரிந்தேயிருக்கிறது. அதைவிட— அவளுக்குப் போக இன்னொரு இடம் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு தாராளம். எனக்கும் ஒரு இடம் இருந்தால் நானும் இருப்பேன்.

இருப்பேனா?

நாற்காலியில் உட்கார முடியவில்லை. முள்ளாகக் குத்தியது என்று எழுதினால் கதை மாதிரி இருக்கும். குத்தவெல்லாம் இல்லை. மெத்தென்றுதான் இருந்தது. அதுதான் தாங்கவில்லை.

மார்ச் 14

சொல்லிவிட்டேன்.

வீணான புத்தகங்களிலிருந்து அக்கா அட்டையைக் கிழித்துக்கொண்டிருந்தார். "அக்கா, அவ எங்கிட்ட குடுத்தா. நான் பாத்தேன். சொல்லல."

"ஏன்?"

"அவ என் நாற்காலியில உக்காந்துட்டா."

கிழிப்பதை நிறுத்தினார். "இப்பத் தொறந்த வாயை அன்னைக்குத் தொறந்திருந்தா அந்த மனுஷன் என் கடையில நின்னு மூச்சு வாங்கியிருக்க மாட்டாரு." ஒரு அட்டையைக் கிழித்தார். "பின்னாடி போய் உக்காரு."

போனேன். நாளைக்கு வராதே என்று சொல்லவில்லை. அதை மட்டும் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன்.

மார்ச் 19

அக்கா வேலைக்கு மட்டும் பேசுகிறார். "கண்ணு" இல்லை.

மார்ச் 27

ஒரு சங்கத்தின் ஆண்டறிக்கையைக் குதிரைவால் நேராக்கினாள். தாள்கள் பின்னால் என்னிடம் வந்தன. கடைசிப் பக்கத்தில் உறுப்பினர்களின் முகவரிகள் எல்லாம் ஒட்டிக்கொண்டு நீளமாகக் கிடந்தன. மறுபடியும் அந்தப் பெட்டி!

முதலில் வந்தது சந்தோஷம்தான். பொய் எழுத மாட்டேன். மாட்டினாயா என்று ஒரு துள்ளல்.

சங்கச் செயலாளர் அவளுக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார். எழுந்து முன்பக்கம் போனேன். எல்லோரும் பார்த்தார்கள்.

"முகவரியெல்லாம் ஒட்டிப்போச்சு," என்றேன். நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது.

"ஐயோ, மறுபடியுமா!" என்று குதிரைவால் தலையில் அடித்துக்கொண்டாள். "எங்க, காட்டு." நாற்காலியில் நகர்ந்து பாதி இடம் விட்டாள். ஒரு காலை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதல் முகவரியில் கர்சரை வைத்தேன். அதை எங்கே உடைப்பது என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. அவள் வாயைத் திறப்பதற்குள் நான் செயலாளர் பக்கம் திரும்பினேன்.

"சார், வீட்டு நம்பரும் தெருவும் ஒரே வரியிலயா, தனித்தனியா?"

"ஒரே வரியில போடும்மா," என்றார், என்னைப் பார்த்து.