மிளகாய்த்தூள் பேணியில் லண்டன் தீ

செவன் கிங்ஸ், லண்டன்
ஆனி மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகள் கோசிகாவுக்கு,

நீயும் சஞ்சயனும் பேரன் லக்‌ஷனும் அங்கே வெலிங்டன் குளிரில் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கு வைக்கும்போது நினைத்துக்கொள்கிறோம். இங்கே நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம். என் முழங்கால் பழையபடிதான், மற்றவர்களுடைய குளியலறைகளில் முட்டுக்காலில் நின்று ரைல்ஸ் பதித்தே காலம் கழித்தவனுக்கு அது இனி எங்கே நிமிரப் போகிறது. லக்‌ஷனின் இருமல் விட்டதா, இரவில் நெஞ்சுக்கு எண்ணெய் தடவிப் படுக்க வை. இரவு ஷிப்ட் முடித்துவிட்டு வெறும் வயிற்றோடு கார் ஓட்டாதே என்று அம்மா எழுதச் சொன்னார். ஒவ்வொரு ஞாயிறும் போனில் முகம் பார்த்துக் கதைக்கிறோமே, அப்பாவுக்கு இப்போது என்ன கடிதம் என்று யோசிப்பாய். போனில் சொல்ல முடியாத ஒரு விஷயம் இருக்கிறது. அம்மா சொல்லித்தான் எழுதுகிறேன். “கோசிக்கு நீங்கள்தான் எழுதோணும், நான் அவளின்ரை முகத்தைப் பாத்துக்கொண்டு சொல்லமாட்டன்” என்றார். உனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும் என்ற துணிவில் எழுதுகிறேன், ஜேர்மனியில் சனிக்கிழமைகளில் நீ அழ அழத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனதும் அம்மாதானே. நான் சுற்றி வளைத்துத்தான் வருவேன், உனக்கு என்னைத் தெரியும். கடைசிப் பக்கத்தை முதலில் பார்க்காமல் ஒழுங்காக வாசி.

போன வருடம் டோர்ட்முண்டில் என் தம்பியின் மகளின் கலியாணத்துக்குப் போய்த் திரும்பும்போது அம்மாவை விமானத்தில் ஏற விடவில்லை என்று சொன்னேன் அல்லவா, அங்கேதான் இது தொடங்கியது. அம்மாவின் ஜேர்மன் பாஸ்போர்ட் புதிதாக எடுத்தது, அந்தப் புது இலக்கத்தை இங்கத்தைய குடிவரவுக் கணக்கில் பதியாமல் விட்டுவிட்டோம். நாங்கள் லண்டனில் இருக்கலாம் என்ற அனுமதி இப்போது கடதாசியில் இல்லை, போனுக்குள்தான் இருக்கிறது, அதைத் திறக்க ஒரு பாஸ்வேர்ட் வேண்டும். கவுண்டரில் நின்ற பிள்ளை திறந்து காட்டச் சொன்னாள். அம்மாவுக்குப் பாஸ்வேர்ட் ஞாபகம் வரவில்லை. போனைப் பார்த்துக்கொண்டே நின்றார், பின்னால் நின்ற சனம் முழுக்க எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது, விமானம் எங்களை விட்டுவிட்டுப் போனது. அடுத்த நாள் ஒருமாதிரி எல்லாம் சரிக்கட்டி வீடு வந்து சேர்ந்ததும் கோட்டைக் கூடக் கழற்றாமல் குசினியில் இருந்துகொண்டு அம்மா சொன்னார், “கையிலை பிடிக்க ஏலாத உரிமை என்ன உரிமை, நான் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் எடுக்கப் போறன்” என்று. ஜேர்மன்காரரும் சட்டத்தை மாற்றிவிட்டார்கள், அவர்களுடையதை விடாமலே இதையும் எடுக்கலாம். எனக்கு அறுபத்தைந்து தாண்டிவிட்டதால் சோதனை கிடையாது. அம்மாவுக்கு அறுபத்திரண்டுதான், அதனால் இந்த நாட்டைப் பற்றிப் படித்துச் சோதனை எழுத வேண்டும், இருபத்துநான்கு கேள்வியில் பதினெட்டாவது சரிவர வேண்டும். ஆங்கிலம் பேசுகிற சோதனையை முதலே பாஸ் பண்ணிவிட்டார், பள்ளிக்கூடச் சாப்பாட்டறையில் இத்தனை வருடம் வெள்ளைக்காரப் பிள்ளைகளை மேய்த்தவருக்கு அது பெரிய காரியம் இல்லை.

பக்கத்து வீட்டுச் செபமாலைமுத்து அண்ணை தான் படித்த புத்தகத்தைத் தந்தார். பின்னேரங்களில் அம்மா சமைப்பார், நான் குசினிக் கதிரையில் இருந்து கேள்வி கேட்பேன். எட்டாம் ஹென்றியின் ஆறு மனைவிமாரும் வந்தபோது, “இந்த மனுசன் கட்டிக் கட்டிக் கலைச்சதுக்கு நான் ஏன் கிடந்து பாடமாக்கோணும்” என்று திட்டிக்கொண்டே பாடமாக்கினார். முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. ஐப்பசி போய்க் கார்த்திகை ஆக நான் ஒன்றைக் கண்டேன், திங்கட்கிழமை சொன்ன விடை செவ்வாய்க்கிழமை இல்லை. இந்த வயதில் யாருக்குத்தான் தங்கும் என்று விட்டேன். ஒரு நாள் அரசாங்கத்தின் தலைவர் யார் என்று கேட்க, “கான்ஸ்லர்” என்றார், அது முன்பு ஜேர்மன் குடியுரிமைக்கு எழுதிய சோதனையின் விடை, இங்கே பிரதமர் என்று வர வேண்டும். இருவரும் சிரித்தோம். ஆனால் சோதித்துப் பார்த்தால் அந்தப் பழைய சோதனைக்குப் படித்தது எல்லாம் ஒன்று விடாமல் இருக்கிறது, இந்தக் கிழமை படித்ததுதான் நிற்கவில்லை. பிறகு ஒரு நாள் முழுப் பாடமும் கேட்டு முடித்து, புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சாப்பிட்டோம். கோப்பை கழுவிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் முன்னால் இருந்த அம்மா, “இண்டைக்கு நீங்கள் இன்னும் கேள்வி கேக்கேல்லை” என்றார். பகிடி விடுகிறார் என்று முகத்தைப் பார்த்தேன். பகிடி இல்லை. நான் புத்தகத்தைத் திறந்து முதலாவது கேள்வியில் இருந்து திரும்பவும் கேட்டேன். நாட்டை விட்டு வெளிக்கிட்ட நாளில்கூட எனக்கு அப்படி ஒரு பயம் வரவில்லை, மகள்.

அம்மாவிடம் அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நான் ஒரு குறுக்கு வழி பார்த்தேன். “வத்சலா, இன்னும் மூண்டு வருசம் பொறுத்தால் உமக்கும் சோதனை இல்லைத்தானே, ஏன் இந்தப் பாடு” என்று கேட்டேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. “என்னட்டை மூண்டு வருசம் இல்லை, அது உங்களுக்கும் தெரியும்” என்றார். பள்ளிக்கூடத்து வேலையை விட்டபோது களைப்பு என்று எங்களுக்குச் சொன்னாரே, அது களைப்பு இல்லையாம், பிள்ளைகளின் பெயர்கள் மாறி மாறி வந்ததாம். எந்தப் பிள்ளைக்குக் கடலை ஒத்துவராது என்று ஒரு நாள் தெரியாமல் போனதும் பயந்து வேலையில் இருந்து நின்றுவிட்டாராம். நான் அவருக்குத் தெரியக்கூடாது என்று பொத்திப் பொத்தி வைத்திருந்ததை அவர் எனக்கு முன்பே பொத்தி வைத்திருக்கிறார். பிறகு சொன்னார், “நான் ஆரெண்டு என்ரை வாயாலை சொல்ல ஏலாமப் போற நாள் வரும். அண்டைக்கு ஒருத்தரும் என்னட்டைப் பாஸ்வேர்ட் கேக்கக்கூடாது. கைப்பையைத் திறந்தால் உள்ளுக்கை ஒண்டு கிடக்கோணும், அதைக் காட்டினால் காணும், வீட்டை போகலாம்.” இதுதான் அவர் கேட்பது, வேறொன்றும் இல்லை.

தை மாதம் டொக்டரிடம் போனோம், அங்கிருந்து ஞாபகமறதிக்கான கிளினிக்குக்கு அனுப்பினார்கள், மூளையைப் படம் எடுத்தார்கள். அந்த நோய்தான், தொடக்க நிலை என்றார்கள். மருந்து தந்திருக்கிறார்கள், அது மாற்றாது, போகிற வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும். உனக்கு இதை வாசிக்க எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், கொஞ்சம் பொறுத்துவிட்டு மிச்சத்தை வாசி. அந்த டொக்டர் நல்ல மனுசி. சோதனைக்குப் படிக்கிறோம் என்றதும், இப்படியான நோய்க்காரருக்கு விலக்குக் கேட்கலாம், இவரால் படித்துச் சோதனை எழுத முடியாது என்று டொக்டர் எழுதித் தர இடம் இருக்கிறது என்றார். எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது, உடனே எழுதித் தாருங்கள் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அம்மா என்னைப் பார்க்கவில்லை. டொக்டரைப் பார்த்து ஆங்கிலத்தில், எனக்கு இன்னும் முடியும், முடியாமல் போன பிறகு எழுதுங்கள் என்றார். பஸ்ஸில் வரும்போது நான் சண்டை பிடித்தேன், பிடிவாதத்துக்கும் ஒரு அளவு வேண்டும், தோற்றால் என்ன செய்வீர் என்று கேட்டேன். “ஏலாது எண்டு எழுதின கடதாசியைக் குடுத்து வாங்கினால், அந்தப் பாஸ்போர்ட்டைத் திறக்கிற நேரமெல்லாம் எனக்கு அதுதான் தெரியும். ஏலுமாய் இருக்கேக்கை ஒருக்கா எழுதிப் பாக்கிறன், விடுங்கோ” என்றார்.

அதற்குப் பிறகு அம்மா தனக்கென்று ஒரு வழியைக் கண்டுபிடித்தார். அடுப்புக்கு மேலே தகரப் பேணிகள் அடுக்கிய தட்டு உனக்குத் தெரியும், நீ வந்தால் முதல் வேலையாக அதை இறக்கித் துடைத்து, பெயர் எழுதி ஒட்டி, இடம் மாற்றி அடுக்கி, எங்களால் ஒரு சாமானும் எடுக்க முடியாமல் ஆக்கிவிட்டுத்தான் விமானம் ஏறுவாய். தலை மறந்தாலும் கை மறக்கவில்லை என்று அம்மா கண்டுகொண்டார். கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினால் எந்தப் பேணி எங்கே என்று கை தானாகப் போய் நிற்கிறது. அந்தப் பேணிகளுக்குள் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் போட்டார். மிளகாய்த்தூள் பேணிக்குள் லண்டனை எரித்த பெருந்தீ. மஞ்சளுக்குள், போரில் காயப்பட்ட சிப்பாய்களைப் பார்த்த நைட்டிங்கேல். பழப்புளிக்குள், அரசனுக்கே பல்லுக் கூச வைத்த மக்னா கார்ட்டா. கடுகில், கடல் கடந்து வந்து நாட்டைப் பிடித்த வில்லியம். கராம்புக்குள் அந்த ஆறு மனைவிமார். சமைக்கும்போது ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுச் சொல்லிக்கொண்டு நிற்பார், அந்த நாட்களில் எங்கள் வீட்டு இறைச்சிக்கறியில் கராம்பு கூடிப் போனதற்கு ஹென்றிதான் காரணம். ஒரு நாள் நான் உதவி செய்வதாக நினைத்துத் தட்டைத் துடைத்துவிட்டு, வெந்தயத்தையும் கடுகையும் இடம் மாற்றி வைத்துவிட்டேன். அம்மா கையை நீட்டிப் பேணியை எடுத்தார், திறந்தார், உள்ளே பார்த்தபடி அப்படியே நின்றார். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். குசினி நிலத்தில் இருந்து அழுதார், கோசி. நான் இரண்டையும் பழைய இடத்தில் வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தேன். அன்றையிலிருந்து அந்தத் தட்டில் நான் கை வைப்பதில்லை.

சித்திரையில் சோதனை வந்தது. எலிசபெத் லைன் ரயிலில் போனோம். வாசலில் பாஸ்போர்ட்டைப் பார்த்து, கோட்டுப் பை, சட்டைக் கை எல்லாம் பார்த்து, போனை வாங்கி வைத்துவிட்டு அம்மாவை உள்ளே கூப்பிட்டார்கள். கூட வந்தவர்களை விடமாட்டார்களாம். நான் எதிரே பஸ் தரிப்பில் இருந்தேன். எதற்கு வந்தேன் என்பதே உள்ளே மறந்து போனால் யாரிடம் கேட்பார் என்று நினைத்து நினைத்து அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்தவர் என்னைத் தேடிக் கண்டுபிடித்து, கையைக் கோத்துக்கொண்டு, “நான் எங்கடை குசினிக்குள்ளை நிண்டுதான் எழுதினன்” என்றார். கேள்வி வரும்போதெல்லாம் கண்ணை மூடிக் கையை நீட்டி நீட்டி எடுத்திருக்கிறார். மேற்பார்வைக்கு நின்ற பெண் சந்தேகப்பட்டு இரண்டு தரம் பக்கத்தில் வந்து பார்த்தாளாம், வெறுங்கையில் என்ன இருக்கப் போகிறது. பாஸ், மகள். எத்தனை சரி என்று சொல்லமாட்டார்கள், பாஸ் என்று மட்டும்தான். நான் விக்கி விக்கி அழுதேன், அம்மாதான் என்னைத் தேற்றினார். நாலைந்து நாள் கழித்து, “எனக்கு எப்ப சோதனை” என்று கேட்டார். பாஸ் பண்ணியாச்சு என்று சொன்னேன். “நானோ” என்று கேட்டு முகம் முழுக்கச் சந்தோசப்பட்டார். இதுவரைக்கும் மூன்று தரம் இப்படிச் சந்தோசப்பட்டுவிட்டார். இருவருக்கும் விண்ணப்பம் போட்டுக் கைரேகையும் கொடுத்துவிட்டோம், இனிக் குடியுரிமைச் சத்தியம் செய்கிற விழாவுக்குக் கூப்பிட வேண்டும். சீக்கிரம் கூப்பிட வேண்டும் என்பதுதான் இப்போது என் ஒரே வேண்டுதல்.

இதை வாசித்த உடனே போன் எடுத்து அழாதே. ஞாயிற்றுக்கிழமை வழமைபோல எடு, வழமையான கதையைக் கதை. ஒரே கேள்வியை அம்மா இரண்டாம் தரம் கேட்டால் இப்பதானே சொன்னேன் என்று சொல்லாதே, முதல் தரம் கேட்டது போலப் பதில் சொல். உன்னால் ஆவணியில் வர முடிந்தால் வா. பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப் போடாதே. சஞ்சயனுக்கும் எல்லாவற்றையும் சொல், மனதுக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போகாதே.

சோதனை முடிந்ததால் பேணிகளுக்கு இனி வேலை இல்லை என்று நினைத்திருந்தேன். போன கிழமை குசினி வாசலில் நின்று பார்க்கிறேன், அம்மா இன்னும் ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொல்லிக்கொண்டு நிற்கிறார். வில்லியமும் இல்லை, நைட்டிங்கேலும் இல்லை. கறுவாவில் கை வைத்து, “சஞ்சயன், மருமகன்” என்றார். ஏலக்காயில் வைத்து, “லக்‌ஷன், பேரன், நாலு வயசு, இருமல்காரன்” என்றார். சின்னச் சீரகத்தைத் தொட்டு, “கோசிகா, என்ரை பிள்ளை, வெலிங்டனிலை இருக்கிறாள்” என்றார். மிளகாய்த்தூளை மட்டும் பழையபடி நெருப்பாகவே விட்டிருக்கிறார், அடுப்பை நிற்பாட்டினேனா என்று பார்ப்பதற்காம். நான் எதில் இருக்கிறேன் என்று கேட்டேன். உப்பு என்றார். இத்தனை வருடம் குடும்பம் நடத்தியதற்கு உப்புத்தானா என்று கோபித்தேன். “கறிக்குக் கறி தொடுறது அது ஒண்டுதான்” என்றார்.

மூவரும் தேக சுகத்தோடும் ஒற்றுமையோடும் நெடுங்காலம் வாழ வேண்டும், எங்கள் இருவரின் ஆசீர்வாதமும் எப்போதும் உங்களோடு இருக்கும். ஒன்றே ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. ஆவணியில் வந்தால் வீட்டைக் கூட்டு, யன்னலைத் துடை, உடுப்பு அலுமாரியை உன் விருப்பத்துக்கு அடுக்கு, நான் ஒன்றும் சொல்லமாட்டேன். அந்தத் தட்டில் இருக்கும் பேணிகளை மட்டும் இடம் மாற்றி வைக்காதே, பிள்ளை. அம்மா கையை நீட்டும்போது நீ அங்கே இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அப்பா
கிருஷ்ணராசா