அண்ணியிடம் ஏன் சொன்னாய், நைனா?

என்னைப் பெற்ற, என் உயிரான நைனாவுக்கு,

லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து ரோஸி எழுதுகிறேன். உன்னிடம் பேச வேண்டும் என்று கல்லறைக்கு வந்தால், எனக்கு முன்னாலேயே அண்ணி வந்து மெழுகுவத்தி ஏற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அதை ஊதி அணைத்துவிட்டு என்னுடையதை ஏற்றலாமா என்று இருக்கும். அப்படிப்பட்ட மனசோடு கல்லறையில் நிற்கக் கூடாது என்றுதான் எழுத உட்கார்ந்தேன். யார் படித்தாலும் படிக்கட்டும்.

முகத்துவாரம் மறுபடியும் மண் மூடிக் கிடக்கிறது. ஏரிக்குள் மடவை மீன் வரத்து குறைந்துவிட்டது. உன் பேத்தி, என் மகள் ஜெனி பத்தாவது படிக்கிறாள், உறுதிபூசுதலுக்காகக் கோயில் வகுப்புக்குப் போகிறாள். அண்ணன் கத்தாரிலேயே இருக்கிறான். இன்னொரு செய்தி, அதுதான் பெரிய செய்தி. நான் புனித பூமிக்குப் போய் வந்தேன். தனியாக இல்லை. நம் பங்குக் கோயிலிலிருந்து ஒரு கூட்டமாகப் போனோம். அண்ணன்தான் அனுப்பி வைத்தான், என்னையும் அண்ணியையும்.

அண்ணியைப் பற்றி உனக்குச் சொல்லத் தேவையில்லை. படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். பொன்னேரிப் பக்கம் நெல் விளைகிற ஊரில் பிறந்தவள், தனலட்சுமி. அண்ணன் ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டான். இங்கே வந்து ஒரு வருஷத்தில் தானாகவே ஞானஸ்நானம் கேட்டாள். மாமா என்று கூப்பிட வேண்டியவள் உன்னை நைனா என்று கூப்பிட்டாள், நீயும் விட்டுவிட்டாய். சாயங்காலம் வலையைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, கிழிசலைப் பின்னியபடி, அவளுக்கு ஜெபம் சொல்லிக்கொடுத்தாய். உன் அம்மா பெயரையே அவளுக்கு வைத்தாய், அன்னம்மா என்று. எனக்குப் பெண் பிறந்தால் வைக்கலாம் என்று நான் மனசில் வைத்திருந்த பெயர் நைனா, அது.

பிறந்த எட்டாம் நாள் ஞானஸ்நானம் பெற்றவள் நான். என்னை ஒரு நாளாவது பக்கத்தில் உட்காரவைத்து நீ ஜெபம் சொல்லித்தந்தது உண்டா? கடைசியில் நீ கண்ணை மூடியபோதும் தலைமாட்டில் அவள்தான் இருந்தாள். நான் பழவேற்காட்டு மார்க்கெட்டில் நண்டு விற்றுக்கொண்டிருந்தேன்.

சரி, பயணத்துக்கு வருகிறேன்.

பெத்லகேமில் ஆண்டவர் பிறந்த இடத்தில் தரையில் ஒரு வெள்ளி நட்சத்திரம் பதித்திருக்கிறார்கள். குனிந்து மண்டியிட்டு அதைத் தொட வேண்டும். அண்ணி தொட்டவள் எழுந்திருக்கவே இல்லை. குலுங்கிக் குலுங்கி அழுதாள். அவளைப் பார்த்து முன்னால் இருந்தவர்களும் அழுதார்கள். அடுத்து நான் தொட்டேன். சில்லென்று இருந்தது, அவ்வளவுதான். பின்னால் வரிசை நிற்கிறதே என்று, வராத கண்ணீரை முந்தானையால் துடைத்துக்கொண்டு எழுந்தேன்.

யோர்தான் ஆற்றிலும் அப்படித்தான். எல்லாருக்கும் வெள்ளை அங்கி கொடுத்தார்கள். தண்ணீர் என்றாலே அண்ணிக்குப் பயம், உனக்குத் தெரியும். இத்தனை வருஷம் குப்பத்தில் குடித்தனம் பண்ணி ஒரு நாள் ஃபைபர் போட்டில் காலை வைத்ததில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு மூன்று முறை முங்கி எழுந்தாள். ஏரியிலேயே வளர்ந்த நான் முழங்கால் தண்ணீரில் நின்று, இங்கேயும் நம் ஏரி மாதிரி சேறுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கூட வந்தவர்கள் அவளை பாக்கியவதி என்றார்கள். பஸ்ஸில் பங்குச்சாமியார் பக்கத்து இருக்கை அவளுக்கு. எனக்கு வயிறு எரிந்தது நைனா. கோயில் கோயிலாக எரிந்துகொண்டே போனேன்.

பிறகு கலிலேயா. கடல் என்கிறார்கள், ஏரிதான். கரையில் நின்றதும் மூக்கு வலையையும் மீன் கவுச்சியையும் தேடியது. மரப் படகில் எங்களை ஏற்றி, நடு ஏரியில் எஞ்சினை நிறுத்தினார்கள். படகு ஆடியது. அண்ணி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள், நகம் பதிந்துவிட்டது. அப்போது பங்குச்சாமியார், “யாராவது சாட்சி சொல்றீங்களா? உங்களுக்கு விசுவாசம் எப்படி வந்ததுன்னு?” என்றார்.

என் கையை விட்டுவிட்டு அண்ணி எழுந்து நின்றாள். அவ்வளவு பயத்திலும் நின்றாள்.

“எனக்கு விசுவாசம் குடுத்தவரு எங்க நைனா. கடலுக்குப் போறவரு, பெரிசா படிச்சவரு இல்ல. அவரு இந்த ஏரிய பாக்கல. அவருக்காகத்தான் நான் வந்தேன்,” என்றாள். குரல் உடைந்துவிட்டது.

படகே அழுதது. பக்கத்தில் இருந்த சுண்ணாம்புக்குளத்து டீச்சரம்மா என்னைப் பார்த்து, “நீங்களும் அவரு சொந்தமா?” என்று கேட்டார்கள். சொந்தமா! நான் அவரு பொண்ணு என்று சொன்னபோது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

கரை இறங்கியதும் சாப்பாடு. பேதுரு பிடித்த மீன் என்று முழுசாகப் பொரித்து வைத்தார்கள். எல்லாரும் சிலுவை போட்டுக்கொண்டு பக்தியாகச் சாப்பிட்டார்கள். நைனா, அது நம் ஊரில் ஜிலேபி கெண்டை என்று சொல்வோமே, அந்த மீன். நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய். நான் தட்டைத் தள்ளி வைத்தேன். எழுந்து தண்ணீர் ஓரமாகப் போய் நின்றேன். பின்னாலேயே அண்ணி வந்தாள்.

“சாப்டாம இன்னா வந்துட்ட ரோஸி?”

“இன்னா அண்ணி, எங்க நைனாவ ஊருக்கெல்லாம் பங்கு போட்டுக் குடுக்கணுமா? அவரு எனக்கு நைனா. உனக்கு மாமனாரு.”

அவள் முகம் சுருங்கிவிட்டது. அப்படியும், சாப்பிட வா என்று என் கையைப் பிடித்தாள். அது எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

“எனக்கு ஒரு வார்த்த சொல்லிக்குடுக்கல. உனக்கு மட்டும் தினமும் பாடம். பக்தி எல்லாத்தையும் உனக்கே குடுத்துட்டுப் போய்ட்டாரு.”

அண்ணி ஒரு கல்லில் உட்கார்ந்தாள். “பக்தியா? ரோஸி, உங்க அம்மா செத்தப்புறம் நைனா ஜெபம் பண்றதயே நிறுத்திட்டாரு. உனக்குத் தெரியாதா?”

எனக்குப் புரியவில்லை. ஞாயிறு தவறாமல் பூசைக்கு வந்தவன் நீ. படகு தள்ளும் முன் சிலுவை போட்டவன்.

“வாய் மட்டும்தான் அசையும்னு சொன்னாரு. உள்ள ஒண்ணும் இல்லன்னாரு. நான் ஜெபம் கத்துக்க வந்த முதல் வாரமே, நீங்க நிஜமா நம்பறீங்களான்னு தெரியாத்தனமா கேட்டுட்டேன். கையில இருந்த வலைய கீழ வெச்சாரு. ‘தெரில தனம். நீ கேளு, நான் படிச்சிட்டு வந்து சொல்றேன். ரெண்டு பேருமா பாப்போம்’னாரு. அப்படித்தான் எங்க பாடம். எனக்கு சொல்லிக்குடுக்கணும்னு அவரு முதல்லேந்து படிச்சாரு.”

“அப்புறம் வந்துச்சா அவருக்கு?”

“சில நாள் வரும். சில நாள், இன்னிக்கி பாடு இல்ல தனம்னு சொல்லிட்டு எழுந்து போய்டுவாரு. வலைய இழுத்துப் பாத்து மீன் இல்லன்னா சொல்வாரே, அதே மாதிரி. கடைசி வரைக்கும் அப்படித்தான்.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“நானும் கேட்டேன். ‘ரோஸி அவ அம்மா மாதிரி, கெட்டியா நம்பறவ. அவ மனச நான் கலைக்கக் கூடாது’ன்னாரு.”

நைனா, அந்தக் கரையில் நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். தண்ணீர் ஓரத்தில் நின்றுகொண்டு வெறி பிடித்தவள் போலச் சிரித்தேன். அம்மா செத்த நாளிலிருந்து எனக்கும் உள்ளே ஒன்றும் இல்லை. உன் மனசு உடைந்துவிடக் கூடாதே என்று உனக்காகத்தான் உன் பக்கத்தில் முழந்தாள் போட்டேன். நீ எனக்காக முழந்தாள் போட்டாய். ஒரே பெஞ்சில், தோளோடு தோள் இடிக்க, இத்தனை வருஷமா?

சிரிப்பு அடங்கியதும் அண்ணியிடம், “எனக்கும் ஒண்ணும் வர்றதில்ல அண்ணி,” என்றேன். யாரிடமும் சொல்லாததை, போயும் போயும் அவளிடம்.

“தெரியும்,” என்றாள்.

“எப்படி?”

“நைனா எப்படி வாய அசைப்பாரோ, நீ அப்படியே அசைக்கிற.”

அவள் மேல் இருந்த பொறாமை அங்கேயே கரைந்து போனது என்று எழுத எனக்கும் ஆசைதான். இல்லை நைனா. கூடிப்போனது. நீ அவளுக்குப் பக்தியைக் கொடுத்திருந்தால் கூட விட்டிருப்பேன். உன் சந்தேகத்தை அல்லவா கொடுத்திருக்கிறாய்? அது எனக்குச் சேர வேண்டியது. ரெண்டு பேருமா பாப்போம் என்று என்னிடம் ஒரு நாள் சொல்லியிருக்கக் கூடாதா? அந்த ஒரு வார்த்தைக்காக எல்லா ஜெபத்தையும் அவளுக்கே விட்டுக்கொடுத்திருப்பேனே.

எருசலேமில் ஆண்டவரின் கல்லறைக்கு நீண்ட வரிசை. உள்ளே போனால் நின்று பார்க்கக்கூட விடமாட்டார்கள். பளிங்குக் கல்லில் கையை வைத்தேன். இந்த முறை முந்தானையைத் தேடவில்லை. “எனக்குத் தெரியல. எங்க நைனாவுக்கும் தெரியல. ஆனா வந்திருக்கேன்,” என்று மட்டும் சொன்னேன். உதடு அசையவில்லை. அதட்டி வெளியே அனுப்பினார்கள். வாசலுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, அம்மா போன பிறகு நான் சொன்ன முதல் ஜெபம் அதுதான் என்று. பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. மனசு கொஞ்சம் லேசாக இருந்தது. அதற்குப் பெயர் விசுவாசம் என்றால், எனக்கு வரத் தொடங்கியிருக்கிறது. வராத நாளும் இருக்கிறது.

ஊர் திரும்பியதும் கோயிலில் எங்களுக்கு வரவேற்பு. மைக்கை அண்ணியிடம்தான் கொடுத்தார்கள். அவள் படகில் சொன்னதையே சொன்னாள், ஜனங்கள் கண்ணைத் துடைத்தார்கள். உன் சந்தேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதை இவ்வளவு வருஷம் பத்திரமாக வைத்திருந்தவள் அவள். இப்போது இந்தக் கடிதத்தில் எழுதி ஊருக்குச் சொல்கிறவள் நான். கோபம் இருந்தால் கோபித்துக்கொள். மறைத்து மறைத்து நாம் இரண்டு பேரும் தனித்தனியாகக் கிடந்தது போதும்.

போன வாரம் வகுப்பிலிருந்து வந்த ஜெனி பையைக்கூடக் கழற்றாமல் கேட்டாள். “ம்மா, நீ அவ்ளோ தூரம் போய்ட்டு வந்தியே, உனக்கு நிஜமாவே நம்பிக்க இருக்கா?” கருவாடு திருப்பிக்கொண்டிருந்தேன். கெட்டியாக இருக்கிறது என்று சொல்ல வாய் திறந்துவிட்டது, பழக்கம். மூடிக்கொண்டேன். “உள்ள போய் மூஞ்சி கழுவிக்கினு வா, பேசலாம்,” என்றேன். அன்றைக்குப் பேசினோம், இன்னும் பேசி முடியவில்லை. நடுவில் அண்ணியும் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். ஜெனி என்னைவிட அவளிடம்தான் நிறையக் கேள்வி கேட்கிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனாலும் டீ போட்டுக் கொடுக்கிறேன்.

உனக்கு ஒன்று வாக்குத் தருகிறேன் நைனா. என் மகள் என் பக்கத்தில் முழந்தாள் போடும்போது, எனக்கு வராத நாளில் வரவில்லை என்று அவளிடம் சொல்வேன். அவளுக்கு வராவிட்டால் என்னிடம் சொல்லலாம் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.

அண்ணி என்ன சொன்னாலும்,
உன் ஒரே மகள்,
ரோஸி