பூமணிக்குச் சரக்குக் கறி

17.8.1961, வியாழன்

பிள்ளை பெற்றவளுக்குக் காய்ச்சும் சரக்குக் கறியை, பிள்ளை இறந்து பிறந்தால் ஒருத்தரும் காய்ச்சுவதில்லை. பெற்ற உடம்பு பெற்ற உடம்புதானே! இன்று நானே மிளகு தூக்கலாகப் போட்டுக் காய்ச்சி, பக்கத்து வீட்டுப் பூமணிக்குக் கொண்டுபோனேன். அவள் இரண்டு வாய்தான் சாப்பிட்டாள். மிச்சத்தை அவள் புருஷன் செல்லையா வழித்துச் சாப்பிட்டுவிட்டு, மூக்கு நுனி வியர்க்க உறைப்பில் ஊதிக்கொண்டிருந்தான். பூமணி சிரித்துவிட்டாள்.

“பிள்ளைக்கும் இவரின்ர சப்பை மூக்குத்தான் அக்கா.”

நான் பயந்துபோய்ச் செல்லையாவைப் பார்த்தேன். இத்தனை நாளும் பிள்ளையைப் பற்றி வாய் திறக்காதவன்.

“காது உன்ர காது,” என்றான் அவளிடம்.

“தலைமயிர் எப்பிடி?” என்று கேட்டேன்.

“நல்ல சுருள்!” இருவரும் ஒன்றாகச் சொன்னார்கள்.

சட்டியை அங்கேயே மறந்துவிட்டு வந்திருக்கிறேன். நல்லதாய்ப் போயிற்று. நாளைக்கும் போகலாம்.