பின்கண்ணாடியில் அஞ்சலை

இன்று காலையிலிருந்து வீடு முழுக்க வார்னிஷ் வாசனை. நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இந்தத் தடவை அதை அடித்தது நான். எதற்கு என்று சொல்கிறேன், கோபப்படாமல் கேளுங்கள்.

போன அமாவாசைக்கு மேல்மலையனூர் போய்விட்டு உங்கள் தங்கச்சி அஞ்சலை இங்கே வந்தாள். காபி டம்ளரைக் கீழே வைக்கும் முன்பே, "அண்ணி, அண்ணன் செஞ்ச அந்த வெள்ள வேன எனக்குக் குடுத்துடுங்க. எம் பேரு போட்டதுதானே?" என்றாள். அந்தப் பொம்மை வேனை எடுத்துப் பார்த்துவிட்டு, "யாரோ பொட்டு வெச்சிக் கெடுத்துட்டாங்க போலக்குது" என்று என்னையும் ஒரு பார்வை பார்த்தாள்.

"பாக்கலாம்" என்றேன். வயிறு எரிந்தது. நாற்பது வருஷமாக எரிகிற அதே வயிறு.

நிஜ வேன் வாங்கியபோது அவள் கம்மலைக் கழற்றிக் கொடுத்தாள். அதற்காகப் பின்கண்ணாடியில் சிவப்பு எழுத்தில் அவள் பேரை எழுதினீர்கள். செஞ்சியிலிருந்து மலையனூருக்கு ஆள் ஏற்றிப் போகும்போது பின்னால் வருகிறவன் எல்லாம் அதைப் படித்துக்கொண்டே வருவான். வேனைக் கழுவியது நான். அவள் பேரையும் நான்தான் துடைத்தேன்.

முட்டி வலியால் வண்டியை விற்ற பிறகு பொம்மை வேன் செய்ய உட்கார்ந்தீர்கள். டிரைவர்கள் தங்கள் வண்டி மாதிரியே வேண்டும் என்று போட்டோ கொடுத்துவிட்டுப் போவார்கள். நம் பேத்தி, இன்ஜினியரிங் படித்தவள், அப்படியே என் மூக்கு, எழுத்துகளை நகம் அளவுக்குச் சுருக்கி அதற்கான தாளில் அச்செடுத்துத் தருவாள். எழுத்தைச் சரிபார்ப்பது அஞ்சாவது படித்த நான். வார்னிஷ் அடித்துக் காயவைத்து, வெட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டால் பேர் தாளைவிட்டு நழுவும். பிரஷ் நுனியால் அதைக் கண்ணாடியில் உட்கார வைப்பீர்கள். "நகம் படக்கூடாது. அதுவா வரும்" என்பீர்கள். என்னிடம் ஒருநாளும் இவ்வளவு பொறுமையாக நீங்கள் இருந்ததில்லை.

ஒருநாள் நம் வேனையே செய்தீர்கள். பின்கண்ணாடியில் யார் பேர் வரும் என்று அடுப்படியிலிருந்து எட்டி எட்டிப் பார்த்தேன். அஞ்சலைதான் வந்தாள்.

"எம் பேரு வெச்சா இன்னா மாமா?"

"மாதிரின்னா மாதிரிதான்மே. வண்டில இன்னா இருந்துதோ அதான் வெக்கணும்."

அன்று ஆயுதபூஜை. "ஈரம் இருக்குது, தொடாத" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனீர்கள். அரிவாள்மனைக்கு, தையல் மிஷினுக்கு எல்லாம் பொட்டு வைத்தேன். வேனுக்கும் வைத்தேன். வைப்பதற்கு எத்தனையோ இடம் இருந்தது. அந்தப் பேர்மேலேயே, குங்குமம் குழைத்த கட்டைவிரலால், அழுத்தி வைத்தேன். பாதிப் பேர் சுருண்டு கிழிந்து வந்துவிட்டது.

"பூசைக்குத்தானே வெச்சேன்" என்றேன் அன்றைக்கு. தெரிந்துதான் வைத்தேன், மாமா.

நீங்கள் வேனையும் பார்த்தீர்கள், என்னையும் பார்த்தீர்கள். தாளில் இன்னொரு அஞ்சலை மீதி இருந்தாள். நீங்கள் மாற்றவில்லை. பொட்டு காய்ந்ததும் அதன்மேலேயே வார்னிஷ் அடித்துவிட்டு, "உன் கைநாட்டும் இருக்கட்டும்" என்றீர்கள்.

"நான் ஒண்ணும் கைநாட்டு இல்ல, கையெழுத்தே போடுவேன்" என்று சண்டைக்கு வந்தேன்.

நேற்று உங்கள் பெட்டியைத் திறந்தேன். முடிக்காத வெள்ளை வேன் ஒன்று இருந்தது. அந்த மீதிப் பேரும் இருந்தது. ஒன்றே ஒன்று, கிழிந்தால் அவ்வளவுதான். வெந்நீர் விளாவி அதில் போட்டேன். நகத்தால் இழுக்கக் கை பரபரத்தது. பிடித்துக்கொண்டேன். அதுவாக வந்தது. கண்ணாடியில் கொஞ்சம் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. ஓரத்தில் ஒரு கொப்புளம். ஆனால் பேர் முழுசாக இருக்கிறது.

நாளைக்கு அவலூர்பேட்டை பஸ் ஏறி, அவள் வீட்டிலேயே கொடுத்துவிட்டு வருவேன். "அண்ணன் செஞ்சதா?" என்று கேட்பாள். "இல்ல, நான் செஞ்சது" என்பேன்.

உங்கள் வேன் எங்கும் போகாது. சில நாள் அதை எடுத்து, அந்தக் குங்குமச் சிவப்பின்மேல் கட்டைவிரலை வைத்துப் பார்ப்பேன். சரியாகப் பொருந்துகிறது. வார்னிஷுக்கு அடியில் இருக்கிறது, மாமா. அவளே வந்து துடைத்தாலும் போகாது.